தளம்பல், ஈரடி, வாக்குமாறி

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் இருப்பவன். எழுத வந்தது பிழை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலையாக நில்லாததைச் சொல்ல எங்கள் பக்கத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மழையா வெயிலா என்று தெரியாத வானத்தை வானொலி தளம்பல் நிலை என்னும். முடிவெடுக்க முடியாதவனின் மனம் ஈரடி. இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் சொல்பவன் வாக்குமாறி. இந்தக் கடைசிச் சொல்லை என் மனைவி சும்மா பாவிக்கமாட்டாள். சொல்லிவிட்டால் அந்த ஆளின் பேச்சை அதன்பிறகு காதில் எடுக்கமாட்டாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே கடற்கரைத் தெருவில் இருந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதி உறுதி முடித்துவிட்டேன். சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. நாங்கள் மூவரும் அன்று மாவடிப்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தப்பினோம்.

முகாமுக்குப் பதிவெடுக்க வந்த அலுவலர், “வீடு ஆருக்குச் சொந்தம்?” என்றார்.

“மகளுக்கு,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“புள்ளைக்கு எத்தின வயசு?”

“பதினஞ்சு.”

அவர் ஏதோ எழுதினார். சொந்த வீடு இல்லாத குடும்பம் என்று எழுதியிருந்தது, புது வீடு கொடுக்கும் பட்டியலில் எங்கள் பெயர் இல்லாதபோதுதான் தெரிந்தது.

அலுவலகத்துக்கு நடந்தேன். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அந்தத் தூரம் மாறியது. பட்டியலும் மாறும் என்றார்கள். அலுவலர்தான் மாறிப் போனார். நாங்கள் இருந்த தகரக் கொட்டிலுக்குத் தற்காலிக வீடு என்று பெயர். நாலாவது வருடம் அதன் கூரைத் தகரத்தை மாற்றினோம்.

அந்த வருடம்தான் மருதமுனையிலிருந்து ஒரு நெசவுக்காரரின் குடும்பம் வந்து, சாரி கொடுத்து, மகளை நிச்சயம் செய்தது. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லமாட்டாள், மருதமுனைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையின் தாய் மாதாமாதம் வந்து வீட்டைப் பற்றிக் கேட்பார். “அடுத்த மாசம் பட்டியல் வருது,” என்பேன். பெயர் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

யுத்தம் முடிந்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் வந்தார். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“சண்டையும் முடிஞ்சிட்டுக் காக்கா. ஒங்கட பட்டியல் மட்டும் இன்னும் வாற வழியில நிக்கிதா?”

“இனி எல்லாம் சரிவரும். அடுத்த மாசம்…”

“எந்த வருசத்து அடுத்த மாசம்?”

மகள் தேத்தண்ணீரோடு வந்து நின்றாள். “வாப்பா, இல்லெண்டு சொல்லுங்களன்,” என்றாள் மெதுவாக.

நான் சொல்லவில்லை. “ரெண்டு கிழமைக்குள்ள பாப்பம்,” என்றேன்.

அவர் குடிக்காமல் எழும்பினார். “வீட்டுக்காக இன்னும் ரெண்டு வருசம் எண்டாலும் பொறுத்திருப்பம் காக்கா. ஒங்கட சொல்லத்தான் நம்பி இருக்கேலா.”

அவர் போனதும் மனைவி ஆறிப்போன கோப்பையை எடுத்தாள். “வாக்குமாறி,” என்றாள். என்னைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை சாரியைக் கேட்டு ஆள் வந்தது. மகள் மடித்துக் கொடுத்தாள்.