சந்தனம் பூசிய வில்

வில் வேட்டைக்கு அனுமதி தொடங்கிய வாரமே ஆயுத பூசையும் வந்தது. பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் மனைவி என் புது வில்லையும் சுவாமிக்கு முன்னால் வைத்து, சந்தனம் பூசிச் சாம்பிராணி காட்டினாள். நானும் கைகூப்பி நின்றேன்.

மானைக் கொல்வது பாவம் என்பவர்கள், எங்கள் நகரம் இருக்கும் ஆற்றுத் தீவுக்கு வெளியே நான் வேட்டைக்குப் போகும் பண்ணையை ஒருமுறை வந்து பார்க்கட்டும். அங்கே பெருகிப்போன மான்கள் ஓர் ஆப்பிள் கன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றைக் குறைக்கத்தான் எங்களுக்கு அனுமதியே தருகிறார்கள்.

மறுநாள் விடியும்போது அந்தப் பண்ணையில் மரமேறி இருந்தேன். மூன்று மான்கள் வந்தன. மானுக்கு மூக்குத்தான் காவல். ஒருமுறை மோப்பம் பிடித்தவை ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் மறைந்தன. பண்ணைக்காரர் என் வில்லை வாங்கி மோந்துவிட்டு, கலியாணத்துக்கா வந்தாய் என்று பிரெஞ்சில் கேட்டார்.

அடுத்த வருடமும் பூசை நடந்தது. முடிந்ததும் மனைவிக்குத் தெரியாமல் வில்லை மணமில்லாத சவர்க்காரத்தால் நாலு தரம் துடைத்தேன். முதல் அம்பிலேயே மான் விழுந்தது.

இறைச்சியைக் கழுவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "விழாமல் என்ன செய்யும்? பூசையில வைச்ச வில்லெல்லோ."

"ஓம்" என்றேன்.