கோப்பி ஊற்றிய சட்டை

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போவில் நான் காப்புறுதி முகவராக இருந்தேன். அதாவது, பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையோர ரப்பர் தோட்டங்களில் வீடு வீடாக ஏறி, கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, பாலிசி எதுவும் விற்காமல் திரும்பிக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் சரித்திரக் கதைகள் வாசிப்பேன். அந்த ஒரே தகுதியை வைத்து, தொலைக்காட்சிக்கு எடுத்த ஒரு சரித்திர நகைச்சுவை நாடகத்தில் உடையலங்காரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பொத்தான் தைக்கத் தெரியாதவன் உடுத்திவிட்ட சோழ ராஜா எப்படி இருந்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கிரீடம், பிஸ்கட் டின். அங்கவஸ்திரம், கல்யாண மண்டபத்துத் திரைச்சீலை.

இயக்குநர் கோலாலம்பூர்க்காரர். எந்நேரமும் சஃபாரி உடுப்பு, பையில் வரிசையாகப் பேனாக்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசியில ராஜா கனவு காணுறாரு. பால்மரம் வெட்டுறவங்க வாராங்க. ராஜா சிம்மாசனத்த விட்டு எறங்கி வந்து கும்பிடுறாரு. அசல் தோட்டத்து உடுப்பு வேணும்லா."

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன் நான். நெஞ்சு விம்மிவிட்டது. நேராக நான் பிறந்த தோட்டத்துக்கே போனேன். அங்கே எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா இன்னும் பால்மர வெட்டு வேலையில், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலையில், இருந்தார்.

வெட்டுக்குப் போகிறவர்களின் சட்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. தெறித்த பால் காய்ந்து காய்ந்து, அட்டை மாதிரி விறைத்துப்போயிருக்கும். அதன் வாடைக்கு வீட்டுக்குள் அனுமதி கிடையாது. பின்கதவுக்கு வெளியே ஆணியில்தான் தொங்கும்.

"இதையாப்பா டிவியில காட்டப் போறீங்க? நல்ல சேலை இருக்கு, அதைத் தாரேன்லா" என்றார் அக்கா.

"ராஜாவே இதைத்தான் கும்பிடப் போறாரு, அக்கா."

சிரித்தார். ஆனால் நம்பினார். சனிக்கிழமை வாங்கப் போனபோது எனக்கு அந்தச் சட்டையை அடையாளம் தெரியவில்லை. காய்ந்த பாலை மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, கஞ்சி முக்கி, இஸ்திரி போட்டு, மேலே முகப்பவுடரும் தூவி வைத்திருந்தார். படப்பிடிப்பைத் தானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக வாங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் படப்பிடிப்பு. அக்கா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஒரு டின் முறுக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

இயக்குநர் சட்டையை விரித்துப் பார்த்தார். "என்னலா இது, மாப்பிள்ளை சட்டை மாதிரி? அழுக்கு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், கையிலிருந்த கோப்பியை அதன் மேல் ஊற்றினார். தரையில் போட்டுச் சப்பாத்துக் காலால் தேய்த்தார். அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. கனவுக் காட்சியை வெட்டிவிட்டார்களாம். ராஜா கும்பிட்டால் யார் சிரிப்பார்கள்? சட்டை இப்போது அரசவைக் கோமாளிக்கு.

"சோழர் காலத்துல ஏதுங்க ரப்பர் மரம்?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குச் சரித்திரம்தான் வந்தது.

"சிரிப்பு வந்தா போதும்லா. காலத்த யாரு பாக்குறா?"

கோமாளி நடிகர் சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி தள்ளாடி வந்தார். "ஐயோ, நாத்தம் தாங்கல மகாராஜா." மண்டபமே சிரித்தது. அந்தச் சட்டையில் இருந்ததெல்லாம் சோப்பு வாசமும் பவுடர் வாசமும் இயக்குநரின் கோப்பி வாசமும்தான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாசித்த கதைகளில் இந்த இடத்தில் வாளை உருவுவார்கள். என் கையில் இருந்தது அளவுநாடா. அதை எறிந்துவிட்டுத் திரும்பினால், அக்கா நாற்காலியில் இல்லை. கேமராவுக்கு முன்னால் நேராக நடந்து போய்க் கோமாளிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"கழட்டுங்க தம்பி. நாளைக்கு வெட்டு இருக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. நடிகர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் என்னைப் பார்த்தார். அக்கா சட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றிக் கொடுத்தார்கள். ஈரச் சட்டையைப் பழைய இஸ்திரி மடிப்பின்படியே மடித்து எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். முறுக்கு டின் நாற்காலியிலேயே இருந்தது.

இயக்குநர் அதைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "யாருலா அந்தப் பொம்பள? சரி சரி, கோமாளிக்கு வேற உடுப்பு குடு. சாயங்காலம் வாடகை கேமராவத் திருப்பிக் குடுக்கணும்."

அந்த முறுக்குக் கடித்த சத்தம்தான் என்னை முடிவெடுக்க வைத்தது.

ஒப்பனை அறையில், மாலை விருந்துக்காக அவர் கொண்டுவந்திருந்த இன்னொரு சஃபாரி உடுப்பு தொங்கியது. இளநீலம். எடுத்துக் கோமாளிக்கு மாட்டினேன். பையில் வரிசையாகப் பேனாக்களும் செருகினேன்.

"அண்ணே, இது அவரோடது" என்று நடிகர் பின்வாங்கினார்.

"காலத்த யாரு பாக்குறா மச்சான்? போ."

கோமாளி சபைக்குள் நுழைந்ததும் முதலில் குலுங்கியது கேமராக்காரரின் தோள். அப்புறம் ராஜா சிரித்த சிரிப்பில் பிஸ்கட் டின் கழன்று உருண்டது. இயக்குநர் எழுந்தார், வாயைத் திறந்தார், உட்கார்ந்துவிட்டார். அது தன் உடுப்பு என்று சொன்னால், கோமாளி யார் என்பதையும் அவரே சொன்னதாகிவிடும்.

நாடகம் ஒளிபரப்பான அன்று தோட்டத்துச் சமூக மண்டபத்தில்தான் பார்த்தேன். சனங்கள் அதிகம் சிரித்தது அந்தக் காட்சிக்குத்தான். அது தன்னுடைய கற்பனை என்று இயக்குநர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாராம். என்னை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. சோழ சாம்ராஜ்யத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

முன்வரிசையில் இருந்த அக்கா திரும்பி, "அந்தக் கோட்டு நாறலயாப்பா?" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

போகும்போது அவர் வீட்டுப் பின்பக்கம் பார்த்தேன். ஆணியில் சட்டை தொங்கியது. புதுப் பால் காய்ந்து ஏறியிருந்தது. நடுவில் அந்தக் கோப்பிக் கறை அப்படியே இருந்தது.

வயதானால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு முடி கொட்டியது, சர்க்கரை வந்தது, இது மட்டும் ஆறவில்லை. இன்றும் திரையில் யாராவது உழைப்பாளியின் உடுப்பை மாட்டிக்கொண்டு மூக்கைப் பிடித்தால், எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை, அதைத் துவைத்துக் கொடுத்த கை யாருடையது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.