எஞ்சின் நின்ற பிறகு

நோர்வேயில் நான் இருக்கும் சிறுநகரத்தில் வெயில் எறிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன விமானங்கள் பறக்கும். பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள். சத்தம் கேட்டதும் சனங்கள் அண்ணாந்து பார்த்துக் கைகாட்டுவார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பிப் போய்க் கதவுநிலைக்குக் கீழே நின்றுகொள்வேன். இங்கே வந்து முப்பது வருடமாகப் போகிறது. இன்னும் கால் தானாக அங்கேதான் போகிறது. "அம்மா தன்ரை இடத்துக்குப் போயிட்டா" என்று மகள் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும், சத்தம் போன பிறகு.

பக்கத்து வீட்டு ஆர்னே ஓய்வுபெற்ற வாத்தியார். தன் கராஜுக்குள் தானே ஒரு விமானம் கட்டினார். முதன்முதல் எஞ்சினை இயக்கிய நாளில் அயலை எல்லாம் கூப்பிட்டு வாஃபலும் கோப்பியும் தந்தார். எஞ்சின் பிடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு, "சின்ன வயதில் உங்கள் ஊருக்கு விமானங்கள் வருமா?" என்று கேட்டார். "நிறைய வரும். கூரைக்குக் கிட்டவாக வரும்" என்றேன். "ஹெல்டிக்!" என்றார். அதிர்ஷ்டசாலி என்று பொருள். நான் திருத்தவில்லை. வாஃபலைக் கையில் வைத்துக்கொண்டு போரைப் பற்றி எப்படி வகுப்பெடுப்பது?

இதைப் புத்தூரில் இருக்கும் என் தம்பி குகனுக்குத் தொலைபேசியில் பகிடியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த கடைக்குட்டி அவன். பொம்பர் வந்து குண்டு போட்ட காலமெல்லாம் அவனுக்குக் கேள்விப்பட்ட கதை. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் திருத்துகிற அவனுக்கு விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆர்னேயின் வரைபடங்களை என்னிடம் கேட்டு வாங்கினான். ஒரு பழைய கார் எஞ்சினைத் தேடிப் பிடித்தான். புகையிலை உணத்துகிற கொட்டிலுக்குள் வருடக்கணக்காகக் கட்டினான். பறக்க அனுமதி கிடைக்குமா என்பது வேறு கதை. தன் கையால் செய்த ஒன்று உயிர்பெற்று இரைவதை ஒருதரம் கேட்டால் போதும் என்றான்.

கொட்டில் நின்ற காணி அவன் மனைவி மலரின் சீதனம். "ஊருக்குக் கரைச்சல் எண்டு ஒருத்தர் வந்து சொன்னாலும், உந்தப் பிளேனைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போடுவன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அதற்காக மட்டுமில்லை, ஊர்க்கண் பட்டு நாவூறு வரக்கூடாது என்றும் இருவருமாகச் சேர்ந்து விஷயத்தை மறைத்தார்கள். சுற்றிவரத் தறப்பாள் கட்டி, கேட்டவர்களிடம் படகு செய்வதாகச் சொன்னார்கள். புத்தூரில் எந்தக் கடலில் விடப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டில் அக்கா இருக்கிறவன் எதையும் செய்வான் என்று விட்டுவிட்டார்கள்.

போன வருடம் ஆர்னே தந்த, விமானத்தின் மூக்கில் பூட்டுகிற மரக் காற்றாடியைப் போர்வையால் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். நல்ல நேரம் பார்த்து ஒரு பின்னேரம் விமானத்தைக் கொட்டிலுக்கு வெளியே தள்ளினோம். வாலை வேப்பமரத்தில் மாட்டுக்கயிற்றால் கட்டினோம். சில்லுகளுக்கு முன்னால் கல், கல்லுக்கு முன்னால் தேசிக்காய், நெருப்புப் பிடித்தால் கொட்ட வாளியில் மணல். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நீலப் புகை துப்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. சுற்றிய வேகத்தில் காற்றாடி கண்ணுக்குத் தெரியாமல் போய், அந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம் மட்டும் நின்றது. சருகும் செம்மண்ணும் பின்னால் பறந்தன. குகன் இருக்கையில் இருந்தபடி சிரித்தான், கண்ணால் தண்ணீர் ஓடியது.

எங்கள் ஊரில் இறைப்பு மெஷின் எந்நேரமும் இரையும். அது நிலத்துச் சத்தம். காற்றை வெட்டுகிற சத்தம் வேறு. அந்த நாட்களில் முன்னுக்குக் காற்றாடி சுற்றும் சின்னப் பொம்பர் ஒன்று வரும். அது வட்டமிட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. மூக்கு நிலத்தை நோக்கக் குத்திக்கொண்டு பதியும்போது சத்தம் அடங்கும். அடங்கினால் குண்டு வருகிறது. குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வாயை மூடினால் செவிப்பறை கிழியும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள்.

கைதட்டலைக் கேட்கக் குகன் எஞ்சினை நிற்பாட்டினான்.

என் நாக்கில் செம்மண் இருந்தது. எப்போது படுத்தேன் என்று தெரியாது. "மச்சாள், விழுந்திட்டியளோ?" என்று மலர் ஓடிவந்தாள். "கால் தடுக்கிப் போச்சு" என்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் ஒருவரும் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு தேங்காய் விழுந்தாலே என்னவென்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

வெளியே போய்ப் பார்த்தோம். ஒழுங்கை நடுவில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. அதன் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வானொலி பாடியது, அடுப்பில் ஏதோ கருகியது. வெங்காயத் தோட்டத்தில் மெஷின் இறைத்த தண்ணீர் வரம்பைத் தாண்டி ஓடியது, மறித்துக் கட்ட ஆளில்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. மலர் என் கையைப் பிடித்தாள். "மச்சாள், சனமெல்லாம் எங்கை?"

எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாழைகளுக்கு நடுவே வாய்க்காலுக்குள் பார்த்தேன். ஆறேழு பேர் வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். தண்ணீர் அவர்களுடைய கால்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை. இது எந்த வருடம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. அயல்வீட்டுச் சிவம் அண்ணை மெல்லத் தலையைத் தூக்கினார்.

"பிள்ளை, எங்கை விழுந்தது?"

பின்னால் ஓடிவந்த குகன், "ஒண்டும் விழேல்லையண்ணை. அது என்ரை பிளேன். நான் செய்தது" என்றான்.

சிவம் அண்ணை எழும்பி, உடுத்திருந்த சாரத்தைப் பிழிந்தார். "அப்ப ஏன் மோனை ஒரு சொல் சொல்லேல்லை?"

"நாவூறு எண்டு..."

"எங்கடை கண்ணுக்குப் பயந்தனியோ?" அவ்வளவுதான் கேட்டார். ஏசாமல் வீட்டுக்குப் போனார். ஏசியிருக்கலாம்.

விமானம் பழைய இரும்புக்குப் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். குகன் கொட்டில் வாசலில் குந்தியிருந்தான். மலர் முகம் கழுவி, சேலை மாற்றி, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சேருங்கோ, உடுப்பை மாத்துங்கோ. சிவம் அண்ணை கரைச்சல் எண்டு இன்னும் சொல்லேல்லை. சொல்ல முந்தி நாங்கள் போய்ச் சொல்லுவம்." கலியாணத்துக்குச் சொல்வதுபோலவே வீடு வீடாகப் போனார்கள். "நாளைக்குக் காலமை எங்கடை பிளேன் ஸ்ராட் பண்ணுறம், கட்டாயம் வரவேணும்."

காலையில் எல்லோரும் வந்தார்கள். சிவம் அண்ணை வெள்ளை வேட்டி கட்டி வந்து முன்னுக்கு நின்றார். எஞ்சின் பிடித்ததும் பிள்ளைகள் துள்ளினார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள், எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. பிறகு குகன் நிற்பாட்டினான்.

பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்களின் கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பிக் காதைப் பொத்தின. வாய்கள் திறந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்படியே நின்றோம். ஒன்றும் விழவில்லை. சிவம் அண்ணைதான் முதலில் கையை இறக்கினார். "நல்லாய்த்தான் செய்திருக்கிறாய், மோனை. நிப்பாட்டேக்கை மட்டும் முதலே சொல்லு." மலர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மலர் எடுத்த வீடியோவை இங்கே திரும்பி வந்து ஆர்னேக்குக் காட்டினேன். தன் காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக் குழந்தைபோல மகிழ்ந்தார். எஞ்சின் நின்றதும், "எல்லோரும் சேர்ந்து என்ன பாட்டுப் பாடுகிறார்கள்? கைதட்டல்தான் கேட்கிறது, பாட்டுப் பதியவில்லையா?" என்று கேட்டார். பழைய பாட்டு என்றேன். "நீ எங்கே நிற்கிறாய்?" அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். சிவம் அண்ணைக்குப் பக்கத்தில், காதைப் பொத்தி வாயைத் திறந்து நிற்பவள்மேல் விரலை வைத்தேன்.

ஆர்னே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இல்லை," என்றார். "இது நீ இல்லை."