கூப்பிட்டால் கேட்கும் தூரம்

ஓணம் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், என் இடக்கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைக் கட்டினாள் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு வழிகாட்டி, கரமனையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் உளவியல் பேராசிரியை. மனித உறவுகள் உடம்பை என்ன செய்கின்றன என்பதைத்தான் அவர் பல வருஷமாக ஆராய்கிறார், பாடமும் நடத்துகிறார். அதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்த நான், என் உடம்பிலேயே பார்க்கலாம் என்றதும் ஒப்புக்கொண்டேன். எங்கள் தெருவில் என்னைப்போல் ஓய்வு பெற்ற இன்னும் சிலரும், வேறு இடங்களில் சிலரும் சேர்ந்தார்கள்.

பட்டை அவ்வப்போது தானாக இறுகித் தளரும். தளர்ந்ததும் மாணவி போனில் அழைத்து, இப்போது கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியையும் மாணவியும் வீட்டுக்கு வந்தார்கள். மாணவியின் முகம் சரியாக இல்லை. எங்கள் தெருவில், தனியாக இருப்பதாகச் சொன்ன வேளைகளில்தான் அழுத்தம் இறங்கியிருந்தது. ஆட்களோடு இருந்தபோது ஏறியிருந்தது. மற்ற இடங்களில் இப்படி இல்லை. தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். காரணம் தெரியாமல் இதை எழுதினால் தேர்வாளர்கள் விடமாட்டார்கள். கிடைத்த கணக்கு பிடிக்கவில்லை என்று அதை ஒதுக்கிவிடப் பேராசிரியை விடமாட்டார்.

அவர் என்னிடம் கேட்டார்: "மாமா, அந்தச் செவ்வாய்க்கிழமை காலம்பற தனியா இருக்கேன்னு சொன்னேளே, என்ன பண்ணிண்டிருந்தேள்?"

நாளும் பொழுதும் எனக்கு மறப்பதில்லை. பேப்பர் படித்துக்கொண்டு காப்பி குடித்ததைச் சொன்னேன்.

"காப்பி யார் போட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அதைத்தான் டீச்சர் நானும் கேக்கணும்னு இருந்தேன். தனியா இருந்த மனுஷனுக்குக் காப்பி தானா நடந்து வந்துதாக்கும்."

பேராசிரியை சிரித்துவிட்டார். மாணவி சிரிக்கவில்லை; உடனே போனை எடுத்து மற்றவர்களை விசாரித்தாள். எல்லோரிடமும் அதே கதைதான். வெளியாள் வந்தால்தான் எங்கள் தெருவில் 'ஆள்' இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரி மட்டும் இருந்தால், வீட்டில் யாருமில்லை. நாங்கள் தனிமை என்று சொன்னது மனைவிமார் பக்கத்தில் இருந்த வேளையை.

பழைய நாட்களுக்குச் சொன்ன பதில்களை இப்போது திருத்தலாமா என்றேன். கூடாதாம், அன்று நடந்ததை விட்டு இன்று தோன்றுவதைத்தான் சொல்வோமாம். எங்கள் தெருவை மட்டும் முதலிலிருந்து எடுப்பது, கேள்வியையும் மாற்றுவது என்று முடிவாயிற்று.

அந்த வாரமே பட்டை திரும்ப வந்தது. அது தளர்ந்ததும் மாணவியின் அழைப்பு, மலையாளம் கலந்த தமிழில்: "அங்கிள், விளிச்சா கேட்கிற தூரத்தில் ஆருண்டு?"

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மனைவி இருப்பதாகச் சொன்னேன்.

அடுக்களை அதையும் திருத்தியது: "கேக்கும். வருவேன்னு அந்தக் குட்டி எழுதிக்க வேண்டாம்."

போனின் மறுமுனையில் மாணவி சிரித்தாள். பிறகு, கூப்பிட்டால் வருவார்களா என்பதையும் தனியாகக் கேட்டுவிடலாமா என்று அங்கேயே தன் டீச்சரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. அந்தக் கேள்வியும் சேர்ந்தது. மார்கழி முடிவதற்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.