அக்காவைப் பற்றி அம்மா சொன்னது

என் அக்கா மோகனப்ரியாவைத் திமிர் பிடித்தவள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல மாட்டாள். காலேஜ் பரீட்சையில் பக்கத்தில் ஒருத்தி பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுவாள். அதில் சில பேப்பர் அரியர் விழுந்துவிட்டது. ஆனால் நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஓட்டும் விசைத்தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் படிப்பாள். தறி அடுத்து எப்போது அடிக்கும் என்று தெரியுமாம். மனிதர்கள்தான் தெரியாதாம்.

ஆட்டிசம் பற்றி அவளாகவே போனில் படித்துத் தெரிந்துகொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தனி அறையில் பரீட்சை எழுதலாம் என்று காலேஜில் சொன்னார்கள். அவளுக்குப் பரீட்சை மட்டும் முக்கியமில்லை. "நான் திமிர் பிடிச்சவ இல்லன்னு படிச்சவங்க யாராவது எழுதித் தரணும்" என்றாள் என்னிடம்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைப் பருவத்தில் அக்கா எப்படி இருந்தாள் என்று சொல்ல அம்மா கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். அம்மா பிடி கொடுக்கவே இல்லை. தை மாதம் அக்காவை மாமா மகன் ராஜீவ் பாவாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அக்கா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில், டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லட்டும் என்று அம்மா கடைசியில் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அக்காவுக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். அந்த வாசனை தாங்காமல் அக்கா அதை ரயிலிலேயே பிடுங்கினாள். அம்மா எடுத்து மறுபடியும் வைத்தாள்.

பரிசோதனை செய்த மேடம் பொறுமையானவர். முதலில் அக்காவிடம் தனியாக நிறையக் கேட்டார். பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டு, எப்போது பேச ஆரம்பித்தாள் என்று அம்மாவைக் கேட்டார்.

"பத்து மாசத்துலயே பேசிட்டா மேடம். கணீர்னு பேசுவா."

மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா?

"ஆங், எல்லார்கிட்டயும் சிரிச்சிகினே இருப்பா. பெரியவங்கள எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா. வத்தக்குழம்பு வெச்சான்னா தெருவே மணக்கும்."

குழம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மா பொய் சொல்ல வேண்டும் என்று உட்காரவில்லை என்றே நினைக்கிறேன். தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்து பெண்ணைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு அது பெண் பார்க்கும் இடம்தான். அங்கே ஒரு குறையையும் சொல்லக் கூடாது.

"அம்மா சொல்றது உண்மை இல்ல" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"வெக்கப்படறா மேடம்" என்று அம்மா சிரித்தாள்.

அக்கா சொல்வதும் அம்மா சொல்வதும் வேறு வேறாக இருப்பதால் இப்போது எதையும் எழுத முடியாது என்றார் மேடம். சின்ன வயதில் பார்த்த வேறு யாரையாவது அழைத்துவரச் சொன்னார். பெற்றவள் இருக்கும்போது வேறு யார் என்று கேட்டாள் அம்மா.

திரும்பும்போது திருவள்ளூரில் கூட்டம் இறங்கியது. யாரும் எதுவும் கேட்காமலே அம்மா பேசினாள்.

"நாலு வயசு வரைக்கும் நீ அம்மான்னு கூட கூப்பிடல. மலைமேல மொட்டை போட உக்கார வெச்சா, பாதி தலை வழிக்கறதுக்குள்ள கத்தி கத்தி மூச்சே நின்னுப்போச்சி. மீதி முடியோட துண்ட சுத்தி தூக்கிகினு எறங்கினேன். எனக்கு எல்லாம் தெரியும்டி."

"அங்க ஏன் சொல்லல?"

"சொன்னா எங்கண்ணன் வீட்ல ஒத்துப்பாங்களா? கல்யாணம் முடியட்டும். நானே வந்து சொல்றேன்."

"முடிஞ்சப்புறம் சொன்னா மட்டும் ஒத்துப்பாங்களா? நான் அப்ப அவங்க வீட்ல இருப்பேனே."

அக்கா போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு அம்மாவின் வாயருகே நீட்டினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அரக்கோணத்தில் ஏறியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இறக்குக்கா என்று நான் கையைத் தொட்டும் அக்கா கையை இறக்கவில்லை.

நாங்கள் இறங்கிய திருத்தணி வரைக்கும் பதிவானது. சமோசாக்காரன் குரலும் வண்டிச் சத்தமும்தான் அதில் இருக்கின்றன.