வீணாய்ப் போகும் சூடு

ரொட்டிக் கடையில் நின்று ஒரு ரொட்டியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறார் அவர். அமுக்கியதும் அடுத்ததற்குப் போய்விட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, விழுந்த குழி எழும்பி வருகிறதா என்று விரலைக் கொண்டே கேட்பார். கடைக்காரர் தினமும் சொல்வது ஒன்றே ஒன்று: "அண்ணே, அது ரொட்டி. வண்டிக் குழாய் இல்ல." அவர் தினமும் சொல்லும் பதிலும் அப்படித்தான்: "எல்லாம் ஒண்ணுதான்பா. நல்லதுன்னா எழும்பும். கெட்டதுன்னா விழுந்த குழி விழுந்ததுதான்."

தெருவுக்கு அவர் அமுக்கி அண்ணன். தக்காளி, தலையணை, பேத்தியின் கன்னம், பக்கத்து வீட்டுச் சைக்கிள் டயர், எதுவும் அந்த இரண்டு விரலுக்குத் தப்பியதில்லை. "நல்லவேளை, பொண்ணு பாக்க வந்தப்போ என்னை அமுக்கிப் பாக்கல" என்பார் மனைவி, வந்தவர் போனவர் எல்லோரிடமும். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் அப்படி வெட்கப்படுவதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வண்டிப் பட்டறை அவருடையது. காலையில் கதவைத் தூக்கியதும் முதல் வேலை, கையைக் கூப்பிக்கொண்டு, "ஆண்டவனே, கை என்னுது, வேலை உன்னுது" என்று வாய்விட்டுச் சொல்வது. அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார். மலை ஊர் என்பதால், குளிர் மாதங்களில் வரும் வேலையில் பாதி, ஹீட்டர் ஹோஸ் மாற்றுவதுதான். என்ஜினில் சூடாகும் தண்ணீர் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக வண்டிக்குள் போய், கால்மாட்டில் இருக்கும் சின்னப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். ஹீட்டர் என்பது அவ்வளவுதான். அவர் அதைச் சொல்லும் விதம் வேறு. "போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு கெட்டா ரெண்டையும் மாத்திடணும். இல்லேன்னா நல்லா இருக்கிறதோட அழுத்தத்துல மத்தது வெடிச்சிடும்."

பழைய ஹோஸை அவர் இழுத்துப் பிடுங்குவதே இல்லை. உள்ளே இருக்கும் குழாய் மெலிசு, ஒடிந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல உரித்தெடுப்பார். புதியதன் வாயில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல மெல்ல மெல்லத் திருகி ஏற்றுவார். கழற்றிய துண்டை வண்டிக்காரர் கையில் கொடுத்து, "உள்ள பாருங்க" என்பார். வெளியே பளபளவென்று இருக்கும் ரப்பர், உள்ளே புண்ணாய் வெடித்திருக்கும். "கண்ணுக்கு எல்லாம் பொய் சொல்லும். விரலுக்கு எதுவும் பொய் சொல்லாது."

வேலை முடிந்தால் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டியவரை உட்கார வைத்து, சூடு வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகு, வண்டிக் கூரையை உள்ளங்கையால் இரண்டு தட்டு. "வெதுவெதுன்னு போயிட்டு வாங்க." அந்தத் தட்டு விழாமல் எந்த வண்டியும் அங்கிருந்து நகராது. அவசரக்காரர்கள்கூடக் காத்திருப்பார்கள்.

இத்தனை பேரை வெதுவெதுவென்று அனுப்பி வைத்தவருக்கு ஒரே ஒரு தங்கை. அவள் புருஷனுக்கு முட்டை வியாபாரம். பழைய பிக்கப் ஒன்றில், விடியுமுன்னே பண்ணையில் முட்டை ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் கடை கடையாகப் போட வேண்டும். பின்னால் அடுக்கியது போக மிஞ்சிய தட்டுகளைத் தங்கை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். அந்த பிக்கப் மட்டும் ஒருநாளும் இந்தப் பட்டறைக்கு வந்ததில்லை. "சொந்தக்காரன்கிட்ட வேலை குடுத்தா திட்டவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது" என்பது மாப்பிள்ளையின் கொள்கை.

தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் கேட்பார். "வண்டியில ஹீட்டர் எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குண்ணே. அனல் பறக்குது. சில நாள் ஜன்னலைத் திறந்து விட வேண்டியிருக்கு."

சொல்லிக்கொண்டே கையைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொள்வாள். இருமுவாள். ஏன் என்று கேட்டால் தூசி என்பாள். எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்கும் அண்ணன், கூடப் பிறந்தவளின் கையை மட்டும் தொட்டுப் பார்த்ததில்லை. அவள் வாயால் சொன்னது போதும் என்று இருந்துவிட்டார்.

போன மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலை. முட்டை பிக்கப்பை ஒரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனது. பானட்டுக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை இறங்கி, பக்கத்தில் வேறு பட்டறை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். இல்லை.

"என்ன மச்சான், சும்மாவா இருக்கீங்க?" என்றார், உதவி செய்ய வந்தவர் மாதிரி.

"வாங்க மாப்பிள்ளை. வாம்மா, இறங்கி உள்ள வா."

"முட்டையை யாரு பாத்துக்குவா? அவ அங்கயே இருக்கட்டும்."

தங்கை இறங்கவில்லை. மடியில் முட்டைத் தட்டுகள். ஒரே ஒரு போர்வை. அது முட்டைகளைப் போர்த்தியிருந்தது. குளிரில் முட்டை உறைந்தால் ஓடு வெடித்துவிடும் அல்லவா.

அமுக்கி அண்ணன் வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டு பானட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்ஜினிலிருந்து வண்டிக்குள் போக வேண்டிய இரண்டு ஹோஸும் இல்லை. போகும் வாயையும் திரும்பும் வாயையும் ஒரே துண்டு ரப்பரால் வளைத்துச் சேர்த்திருந்தார்கள். சூடான தண்ணீர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், வந்த வழியே என்ஜினுக்குத் திரும்பும்படி. வெடித்தது அந்தத் துண்டுதான். அமுக்கிப் பார்த்தார். எழும்பவில்லை. ரப்பர் கல்லாகியிருந்தது. ஒரு வருஷத்தில் அப்படி ஆகாது. உள்ளே போகும் குழாய் இரண்டிலும் துணி அடைத்திருந்தது. அதன்மேல் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது.

"இது யாரு செஞ்சது மாப்பிள்ளை?"

"நான்தான் செய்யச் சொன்னேன். ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஒரு ஹோஸ் ஒழுகிச்சு. சரி, எதுக்கு வீண் செலவுன்னு வளைச்சு விட்டுட்டோம். ஹீட்டர் போட்டா டீசல் குடிக்குமே."

"குடிக்காது மாப்பிள்ளை. அது என்ஜின் வேண்டாம்னு தள்ளுற சூடு. நாம உள்ள எடுத்துக்கலேன்னா வெளிய காத்துல வீணாத்தான் போகும். ஒரு சொட்டு டீசல் கூட ஆகாது."

"போனாப் போகட்டும். உங்க தங்கச்சி என்ன, வெண்ணெயா? உறைஞ்சு போறதுக்கு?" மாப்பிள்ளை தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு கொஞ்சம் நெருங்கி வந்து, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்லும் குரலில் சொன்னார்: "சூடு பட்டா தூங்கிடறா மச்சான். ஒருதடவை அரைத்தட்டு போச்சு. இப்பப் பாருங்க, கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு வர்றா."

அமுக்கி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். தங்கை உட்கார்ந்திருந்த பக்கம் போய்க் கதவைத் திறந்தார். போர்வைக்கு அடியில் முட்டைகளைப் பிடித்திருந்த அவள் கையைத் தேடி எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அமுக்கினார். விரல்கள் வீங்கி, முட்டிகள் ஊதாவாக வெடித்திருந்தன. அமுக்கிய இடம் வெளுத்துக் குழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். குழி எழும்பிவர நெடுநேரம் ஆயிற்று.

"அனல் பறக்குதுன்னு சொன்னியேம்மா."

"கத்தாதீங்கண்ணே."

"நான் எங்கம்மா கத்தினேன்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க கேட்டுட்டு இங்கயே நின்னுடுவீங்க. வண்டியில நான்தானே போகணும்."

அவர் கையை விட்டார். கதவைச் சாத்தினார். வேலைக்குப் போனார்.

மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதே மாதிரி வளைத்துவிட்டால் போதும், நேரமாகிறது, கடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று. "என் பட்டறையில அப்படிச் செய்யறதில்ல மாப்பிள்ளை" என்றார் இவர். பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் அதைவிடக் கடுமையாகப் பேசியதில்லை. அடைத்திருந்த துணியைப் பிடுங்கினார். குழாய்களைத் துடைத்தார். இருந்ததிலேயே நல்ல ஹோஸ் இரண்டை அளந்து வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றி, கிளிப்பை முறுக்கினார். தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே தங்கிய காற்று போகும்வரை ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. வேண்டிக்கொண்டாரா, வைதாரா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வைது அவருக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை வெளியே நின்று ஒவ்வொரு கடையாகப் போனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அமுக்கி அண்ணன் ஓட்டுநர் பக்கமாகக் கையை நீட்டி ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பினார். முதலில் தூசி வந்தது. பிறகு ஒரு பழைய வாசனை. அப்புறம் சூடு. முன்கண்ணாடியின் பனி கீழிருந்து உருகிக்கொண்டு வந்தது.

"வருதாம்மா?"

தங்கை ஒரு கையால் தட்டுகளை அணைத்துக்கொண்டு, மற்றதைச் சூடு வரும் வாயில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டது. கண் செருகியது.

"வருதுண்ணே" என்றாள், தூக்கத்தில் பேசுவதுபோல.

மாப்பிள்ளை போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அமுக்கி அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல உள்ளங்கையைக் கூரைமேல் தூக்கினார். "வெதுவெதுன்னு..." என்று தொடங்கினார்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடி திருகும் சத்தம் கேட்டது. தங்கை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். புருஷன் உள்ளே ஏறி உட்காருவதற்குள், அவன் ஒரு வார்த்தை சொல்வதற்குள், அவளே கையை நீட்டித் திருகை நீலப் பக்கம் கடைசிவரை திருப்பினாள். போர்வையை முட்டைகளின்மேல் இழுத்துச் சரிசெய்தாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அமுக்கி அண்ணனின் கை கூரைக்கு மேலே அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஹாரனை அடித்தார். கை இறங்கவில்லை. இன்னொருமுறை அடித்தார்.

தங்கை கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தாள். பிறகு, வெடித்த விரல்முட்டியை உயர்த்தி, உள்ளேயிருந்து கூரையை அவளே இரண்டு தட்டுத் தட்டினாள்.