பங்காளியின் தலை

கட்டைவிரல் நுனியால் சின்னப் பல்சக்கரம் ஒன்றைத் தள்ளத் தள்ள 'கர்ரிக், கர்ரிக்' என்று கேமராவுக்குள் பிலிம் நகரும் ஓசையையும், இதற்கு மேல் நகரமாட்டேன் என்று சக்கரம் இறுகி நிற்கும்போது விரலில் பதிந்துவிடும் வரிவரியான தடத்தையும் பிலிம் காலத்து ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனக்கு அந்த ஓசைதான் முதலில் அறிமுகம், தடம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. ஏனென்றால் சக்கரத்தைத் தள்ளியது என் பெரியப்பாவின் கட்டைவிரல். நான் மொட்டைமாடியின் மறுகோடியில் ஒரு துணியின் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் நாலு பேர் கூடினால் 'உங்களுக்கு இதில் எப்படி ஆர்வம் வந்தது' என்ற கேள்வி வராமல் போகாது. ஒருவர் புல்நுனியில் பனித்துளியைப் பார்த்தேன் என்பார். ஒருவர் முதல் குழந்தை பிறந்ததும் கேமரா வாங்கினேன் என்பார். அந்தக் குழந்தையின் படம் அவரிடம் ஒன்றுகூட இருக்காது, எல்லாம் மீன்கொத்தியாக இருக்கும். நானும் பல வருடங்களாக 'இயற்கையின் மேல் இருந்த காதல்' என்றுதான் சொல்லிவருகிறேன். பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், திங்கட்கிழமை சிவப்பும் செவ்வாய்க்கிழமை நீலமுமாகச் சாயத்தண்ணீர் ஓடிய சாக்கடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் யாராவது சந்தேகப்பட்டிருக்கவேண்டும். ஒருவரும் படவில்லை. உண்மையில் என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது பொறாமை. இன்னும் சரியாகச் சொன்னால், பெரியப்பா மகன் குமரேசனின் உடம்பு.

எங்கள் ஊரில் நாலு தையல் மெஷினைப் போட்டுவிட்டால் அந்த இடத்துக்குப் பெயர் 'கம்பெனி'. பெரியப்பாவின் பனியன் கம்பெனி கீழே இருந்தது. மாடியில் தெருப்பக்கம் அவர்கள் குடும்பம், பின்பக்கம் நாங்கள். அப்பா அதே கம்பெனியில் 'செக்கிங்' பார்த்தார், அதாவது அண்ணன் தைக்கவைத்த பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று தம்பி தேடினார். அண்ணன் தம்பி பிள்ளைகளான குமரேசனும் நானும் பங்காளிகள், ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எண்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து சிறுவர்களுக்கான சட்டை ஆர்டர் கொடுக்கும்வரை எங்கள் இருவருக்கும் இடையில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை.

அந்த வெள்ளைக்காரர் போகும்போது உள்ளங்கையளவில் ஒரு கேமராவைப் பெரியப்பாவிடம் விட்டுப்போனார். புது மாதிரிச் சட்டை ஒவ்வொன்றையும் பத்து வயதுப் பையன் ஒருவனுக்குப் போட்டுப் படம் எடுத்து, சட்டையோடு சேர்த்து அனுப்பவேண்டும், உடம்பில் துணி எப்படி உட்கார்கிறது என்று அங்கே பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் பத்து வயதில் இரண்டு பையன்கள் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர், வெள்ளைக்காரர் கொடுத்த அளவுச் சார்ட்டை மேஜையில் விரித்துவைத்து எங்கள் இருவரையும் டேப்பால் அளந்தார். குமரேசனை ஒரு தடவை அளந்தார். என்னை இரண்டு தடவை அளந்தார்.

"குமரேசன் தம்பிக்கு டேப்பை வச்சா அப்படியே சார்ட்டு, முதலாளி. இந்தத் தம்பிக்கு நெஞ்சு எட்டு வயசு, வயிறு பன்னெண்டு வயசு. பத்து வயசைத்தான் எங்கனயும் காணல."

மெஷின்களை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்காமல், "நீ அக்கட்டால போயித் துணியப் புடிச்சுக்க கண்ணு" என்றார். அவர் நல்ல மனிதர், எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் சாயம் போடாத வெள்ளைத் துணியைப் பின்னால் திரையாகப் பிடித்து, அதன் முன்னே குமரேசனை நிறுத்திவைப்பார்கள். காக்கை விரட்டுகிறவன்போல இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு அவன் நிற்பான். அவனுக்கு மட்டும் பவுடர், அவனுக்கு மட்டும் சலூனில் 'ஸ்டெப் கட்டிங்'. எனக்கு வழக்கம்போல வேப்பமரத்தடியில் வந்து வெட்டுகிறவர். "வெயில்ல ஆடாத கண்ணு, கறுத்துப்போனா ஆர்டரு போயிரும்" என்று பெரியம்மா அவனை நிழலிலேயே வைத்திருந்தார். படம் எடுத்து முடித்தபின் பிலிமில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அவையும் அவனுக்கே: குமரேசன் மொபெட்டின் மேல், குமரேசன் முருகன் கோயில் படியில், குமரேசன் யாருடைய ஆட்டுக்குட்டியோடோ. அவற்றையெல்லாம் பெரியம்மா நடைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். எங்கள் பகுதியிலிருந்து குளியலறைக்கு அந்த நடை வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் நான் தினமும் பல் துலக்குவதற்கு முன்பே பொறாமைப்பட்டு முடித்துவிடுவேன். பெரியப்பா மொட்டைமாடியில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நானும் இருக்கிறேன். துணியின் ஓரத்தில், நாலு விரல் அளவுக்கு.

அம்மாவுக்கும் தாங்கவில்லை. "ஏனுங்க, வெள்ளைக்காரன் ஊர்ல வவுறு வெச்ச பையனுகளே இல்லீங்களா" என்று அப்பாவிடம் கேட்டாள். "இருப்பானுக. அவங்களுக்கு வேற கம்பெனி தைக்கும்" என்றார் அப்பா.

கேமராவுக்கு முன்னால் நிற்க விதியில்லை என்றால் அதற்குப் பின்னால் நிற்பது என்று எனக்குத் தோன்றியது அந்த நாட்களில்தான். இதை எந்தக் கலைஞனும் தன் வரலாற்றில் எழுதமாட்டான். எனக்கு ஒளியும் தெரியாது, நிழலும் தெரியாது, அந்தக் கேமரா என் கைக்கு வந்துவிட்டால் குமரேசன் என் சொல்படி நிற்கவேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரியும். பெரியப்பா எடுக்கும் லட்சணத்தையும் கவனித்துவைத்திருந்தேன். மாடியின் ஒரு கோடியில் நின்று, ஊசி போட்டுக்கொள்கிறவர்போல இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டுதான் பட்டனை அமுக்குவார். அவருடைய படங்களில் குமரேசன், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் பெரியம்மாவின் சேலை எல்லோருக்கும் சம அந்தஸ்து. நான் எடுக்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "பிலிமென்ன மரத்துலயா காய்க்குது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குக் கணியூரில் தவிர்க்கமுடியாத கல்யாணம், மறுநாள் சட்டைகள் வெளிநாடு போயாகவேண்டும். கட்டிங் மாஸ்டர் தனக்கு டேப்பு மட்டும்தான் தெரியும் என்று ஒதுங்கிக்கொண்டார். அப்பா துணி பிடிக்கிறேன் என்றார். வேறு வழியில்லாமல் பெரியப்பா கேமராவின் கயிற்றை என் கழுத்தில் மாட்டி, "ஆடாமப் புடிக்கோணும் கண்ணு. பட்டன அமுக்கறப்ப மூச்சு உடப்படாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

பெரியப்பாவை விட நன்றாக எடுத்துக் காட்டிவிட்டால் கேமரா என்னிடமே தங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதனால் பக்கத்தில் போனேன். அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் முழுக்கக் குமரேசன் நிறையும்வரை போனேன். ஜன்னலில் அவன் வகிட்டிலிருந்து இடுப்புவரை பழுதில்லாமல் இருந்தான், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். சட்டை மாற்றி மாற்றி எடுத்து, மூச்சைப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் எனக்குத் தலை சுற்றியது.

ஸ்டுடியோவில் கழுவிக்கொண்டு வந்த படங்களைப் பெரியப்பா மேஜையில் பரப்பியபோது, அவற்றில் காலர் இருந்தது, பட்டன் இருந்தது, கழுத்தும் கொஞ்சம் இருந்தது. எந்தப் படத்திலும் தலை இல்லை.

"பொறாமைங்க" என்றார் பெரியம்மா. "ஒண்ணு ரெண்டுல போயிருந்தாச் சரி, தெரியாமப் போச்சுன்னு உட்டரலாம். அத்தனையிலயுமா எம்பட பையன் தலை போவும்?"

அவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கச் செக்கிங்கில் இருந்த அப்பாவாலும் முடியவில்லை. அந்த மாதிரிக் கேமராவில் நாம் பார்க்கும் ஜன்னல் மேலே இருக்கிறது, படம் பிடிக்கும் கண்ணாடி கீழே இருக்கிறது, மிக அருகில் போனால் நாம் பார்ப்பதைவிடத் தாழ்வாகத்தான் அது பார்க்கும் என்பதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது கல்லூரிக்குப் போனபின். நான் பொறாமைப்பட்டது நிஜம், தலையை வெட்டியது நிஜமல்ல. இவ்வளவு பொறாமையை உள்ளே வைத்துக்கொண்டு இந்த யோசனை எனக்குத் தானாகத் தோன்றாமல் போயிற்றே என்று அந்த நேரத்திலும் வருத்தப்பட்டேன். கடைசியில் அப்பா எனக்காகப் பரிந்து பேசினார்.

"வேணும்னே பண்றதுக்கெல்லாம் அவனுக்கு அத்தனை வெவரம் பத்தாதுங்கண்ணா."

கேமரா பெரியம்மாவின் பீரோவுக்குள் போயிற்று. மறுபடி எடுக்க நேரமில்லாததால் தலையில்லாத படங்களே சட்டைகளோடு வெளிநாடு போயின. நான் இனி அந்தக் கேமராவைத் தொடப்போவதில்லை என்பது வீட்டில் தீர்மானமாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், என் வயிறு இருந்த இருப்பில் யாரும் நம்பமாட்டார்கள். குமரேசனாவது கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "உடு பங்காளி, தலைதான போச்சு" என்று சொல்லிவிட்டு அவன் கோலி விளையாடப் போனான். ஒருவன்மேல் பொறாமைப்படும்போது அவன் நல்லவனாகவும் இருப்பதுபோலக் கொடுமை வேறில்லை.

சில வாரங்கள் கழித்து, வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிற ஏஜெண்ட் கோயமுத்தூரிலிருந்து நேரில் வந்தார். வந்ததும், "படம் எடுத்தது யாருங்க" என்று கேட்டார். பெரியம்மா என்னைக் காட்டினார், அதில் ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை.

"வெள்ளைக்காரரு ரொம்பச் சந்தோசப்பட்டாருங்க. இப்பத்தான் காலரும் தையலும் கண்ணுக்குத் தெரியுதுங்கறாரு. இனிமேட்டு இந்தப் பையனே எடுக்கட்டும்ங்கறாரு. தலை வேண்டாமாமுங்க."

"தலையில்லாம எப்படீங்க?" என்றார் பெரியம்மா.

"சட்டையத் தலைக்கா போடறாங்க?" என்றார் ஏஜெண்ட்.

பீரோ திறந்தது. இனி ஞாயிறுதோறும் என் கட்டைவிரலில் தடம் விழுந்தது. உலகத்திலேயே மகிழ்ச்சியான பொறாமைக்காரன் நான் என்று நம்பினேன், அது ஓரிரு ஞாயிறுகள் நீடித்தது. பிறகு பார்த்தால் குமரேசன் விடுதலையாகியிருந்தான். முகம் தேவையில்லை என்றானபின் பவுடர் இல்லை, வெயில் தடை இல்லை. கழுத்துக்குக் கீழே அவன் ஆர்டருக்கு நின்றான், கழுத்துக்கு மேலே முறுக்குத் தின்றான், விசிலடித்தான், பக்கத்து மாடிப் பெண்ணுக்கு நாக்கைக் காட்டினான். நானோ வெயிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய பொறாமைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கவேண்டியதாயிற்று.

அப்படி ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பிலிமில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. "குடு பங்காளி, உன்னைய ஒண்ணு எடுக்கறேன். எல்லாத்துலயும் நீ வெரலாத்தான இருக்கற" என்றான் குமரேசன். அவனுக்கு முதலில் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று சொன்னேன், வெயில் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று சொன்னேன், மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் வாயில் முறுக்கோடு, கேமராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்தபடி, ஜன்னலைப் பார்க்காமலே பட்டனை அமுக்கிவிட்டான். ஒரு பிலிமை வீணாக்கிவிட்டாயே என்று நான் அவனைத் திட்டிய திட்டு கீழே கம்பெனிவரை கேட்டது.

படம் வந்தது. கையை ஓங்கி, வாய் திறந்து, எதையோ பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டையின் கடைசிப் பட்டன் வயிற்றிடம் தோற்றுத் திறந்திருக்கிறது. பின்னால் காற்றில் எழும்பிய வெள்ளைத் துணிக்குள் மேற்கு வெயில் நிறைந்து, அது துணி மாதிரியே இல்லை. உலகத்துக்கே உத்தரவு போடுகிறவன் மாதிரி நான் நிற்கிறேன், முழுத் தலையோடு. அம்மா அதை முந்தானையால் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்டுடியோக்காரர் இன்னொரு பிரதி போட்டுத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "யாரு எடுத்தது" என்பது.

எனக்கு ஆர்வம் வந்தது அந்தக் கேள்வியில்தான். அதுவரை கேமரா அவனிடம் போகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் இருந்ததில்லை. அதன்பிறகு அந்த மாதிரி ஒரு படம் எடுத்தாகவேண்டும் என்றாகிவிட்டது. கேமராவை வயிற்றில் வைத்து எடுத்தேன், என் செருப்பு வந்தது. வாயில் முறுக்கோடும் எடுத்துப் பார்த்தேன். பிறகு வேலைக்குப் போய், சம்பளத்தையெல்லாம் லென்ஸாக்கி, ஒரு மீன்கொத்திக்காக ஆறுதல் பரிசும் வாங்கினேன். அவன் எடுத்த படத்தின் பக்கத்தில் வைத்தால் மீன்கொத்தி செத்ததுபோல இருக்கிறது. குமரேசன் அதற்குப் பிறகு கேமராவைக் கையில் வாங்கியதே இல்லை, "அதெல்லாம் உனக்குத்தான் வரும்" என்று சொல்லிவிடுவான், மனப்பூர்வமாக.

இப்போது பிலிம் இல்லை, ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். மொட்டைமாடியும் போய், அதன்மேல் எழும்பிய தளத்தில் பீகார்ப் பையன்கள் மெஷின் ஓட்டுகிறார்கள். சட்டைக்கு ஆளை நிறுத்திப் படம் எடுப்பதும் போய்விட்டது, கம்ப்யூட்டரே போட்டுக்காட்டிவிடுகிறதாம். குமரேசன் எடுத்த அந்தப் படம் மட்டும் சிவப்பேறிப்போய் என்னிடம் இருக்கிறது. கம்பெனியை இப்போது அவன்தான் நடத்துகிறான். போன மாதம் படத்தை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அட, நீயா பங்காளி. பேசறது கேக்கறாப்பல இருக்குது. தொழில் தெரிஞ்சவன் எடுத்திருக்கறான். யாரு எடுத்தது?"

நடிக்கவில்லை, சுத்தமாக மறந்திருந்தான். டீ வந்தது. அவன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோ ஸ்டுடியோக்காரரு" என்றேன். தெரிந்தால் இந்த வயதில் போய் ஒரு கேமரா வாங்கிவிடுவான்.